ரிப்பீட்டருக்குப் பல காதுகள்: வாசகர் கேள்வி – பதில்

அமெச்சூர் ரேடியோவில், ஒரு சிக்னலைக் கேட்டு அதையே வலுவாக மறுபடி அனுப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர். அத்தகைய ரிப்பீட்டர் ஒன்றுக்குப் பல இடங்களில் ரிசீவர்களை வைத்து, அவற்றுள் எது தெளிவாகக் கேட்கிறதோ அதன் ஒலியை மட்டும் தேர்ந்து மறுபடி அனுப்பும் 'வோட்டிங்' முறையையும், அத்தேர்வைச் செய்யும் 'வோட்டர்' கருவியையும் பற்றி இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. எந்தக் கருவியை வாங்குவது என்பதே அவற்றின் பொதுக் கேள்வி. ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மன்றத்தின் 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பகுதி) ரிப்பீட்டர் நீலகிரிச் சரிவில் இருக்கிறது, 25 வாட் அனுப்புகிறது. மேட்டுப்பாளையத்தில் அது இரைச்சலே இல்லாமல் கேட்கிறது. ஆனால் அங்கிருந்து 5 வாட் ஹேண்டியில் (கைச்செட்டில்) பேசினால் பல தெருக்களில் ரிப்பீட்டர் திறப்பதே (எங்கள் சிக்னலைக் கேட்டு இயங்கத் தொடங்குவதே) இல்லை. கீழே இரண்டு மூன்று இடங்களில் ரிசீவர் வைக்க எண்ணுகிறோம். எந்த வோட்டரை வாங்கலாம் என்று சொல்லுங்கள். — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வோட்டரைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள், வாங்கும் வரிசையில் அது கடைசியாக வர வேண்டியது. அதற்கு முன், மலைமேல் இருக்கும் ரிசீவருக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஹேண்டியின் ரப்பர் ஆன்டெனா திறன் குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் அனுப்பும்போது அது எவ்வளவு இழக்கிறதோ, கேட்கும்போதும் அவ்வளவே இழக்கிறது. இடையில் உள்ள மலை முகடும் மரமும் கட்டடமும் இரு திசையிலும் சிக்னலை ஒரே அளவில்தான் குறைக்கின்றன. எனவே போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நியாயமாக இருக்க வேண்டிய வேறுபாடு, 25 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. அது 7 டெசிபல். எஃப்எம் சிக்னல் இரைச்சலின்றிக் கேட்க ஏறத்தாழ 1 மைக்ரோவோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதைவிட 7 டெசிபல் குறைவு என்பது 0.45 மைக்ரோவோல்ட். நல்ல ரிசீவர் 0.25 மைக்ரோவோல்ட்டிலேயே பேச்சைப் புரியும்படி எடுத்துவிடும். அப்படியிருக்க, ரிப்பீட்டர் தெளிவாகக் கேட்கும் தெருவிலிருந்து நீங்கள் அதை அடியோடு திறக்க முடியவில்லை என்றால், 7 டெசிபலுக்கு மேல் வேறு ஏதோ அங்கே இழக்கப்படுகிறது.

பெரும்பாலும் அது ரிப்பீட்டர் தன் காதைத் தானே அடைத்துக்கொள்வதுதான். 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 25 வாட் அனுப்பிக்கொண்டே அதே ஆன்டெனாவில் மெல்லிய சிக்னலைக் கேட்க வேண்டியிருப்பதால், அனுப்புவதையும் கேட்பதையும் பிரிக்கும் டூப்ளெக்ஸர் வடிகட்டியின் இசைவு சிறிது நகர்ந்தாலும், கோஆக்ஸ் கேபிள் இணைப்பில் துரு பிடித்தாலும் கேட்கும் திறன் சரிந்துவிடும். அதே கோபுரத்தில் உள்ள பிற டிரான்ஸ்மிட்டர்களும் இதைச் செய்யும். ஆன்டெனா வழியில் ஐசோ-டீ (சோதனைச் சிக்னலை மெல்லிதாக உள்ளே செலுத்தும் இணைப்பி) ஒன்றைப் பொருத்தி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து சற்று இரைச்சலோடு கேட்கும் அளவுக்கு மெல்லிய சிக்னலைச் செலுத்துங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை நிறுத்தியும் இயக்கியும் கேளுங்கள். இயக்கியதும் இரைச்சல் கூடினால், நீங்கள் செலவழிக்க வேண்டிய முதல் இடம் அதுவே. அதைச் சரிசெய்யாமல் நான்கு ரிசீவர்களை வைத்தால், மலைமேல் ஒரு ரிசீவர் செய்திருக்க வேண்டிய வேலையை நான்கும் சேர்ந்து செய்துகொண்டிருக்கும்.

அதன் பின்னும் எஞ்சும் இருட்டுப் பகுதிகளுக்குத்தான் வோட்டிங். இங்கே நல்ல செய்தி ஒன்று உண்டு. கீழே வைக்கும் துணை ரிசீவர் அந்த அலைவரிசையில் எதையும் அனுப்புவதில்லை. ஆகவே அதற்கு விலை மிகுந்த டூப்ளெக்ஸர் தேவையில்லை. ஒரு நல்ல ரிசீவர், முன்னால் ஒரே ஒரு பேண்ட்பாஸ் கேவிட்டி (வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி), மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஓர் ஆன்டெனா ஆகியவை போதும். அதை இன்னொரு குன்றின் மேல் வைக்கத் தேவையில்லை, வைக்காமலிருப்பதே நன்று. உயரத்தில் வைத்தால் ஊரெல்லாம் உள்ள மின்காந்த இரைச்சலும் பிறருடைய டிரான்ஸ்மிட்டர்களும் சேர்ந்து கேட்கும். ஹேண்டிக்கு அருகில், தாழ்வாக இருப்பதே துணை ரிசீவரின் பலம்.

எல்லா இடங்களுக்கும் ஒரே தயாரிப்பில், ஒரே மாடல் ரிசீவர்களை வாங்குங்கள்; ஒன்றைக் கூடுதலாக வாங்கிக் கையிருப்பில் வையுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். வோட்டர் தனக்கு வந்து சேரும் ஒலிகளை ஒப்பிடுகிறதே தவிர, அந்த ஒலி எந்த ரிசீவரின் எந்தச் சுற்று வழியாக வந்தது என்பது அதற்குத் தெரியாது. எங்கள் குழு முதன்முதலில் இதைச் செய்தபோது, கையில் கிடைத்த மூன்று வேறு மாடல்களை வைத்துத் தொடங்கினோம். மூன்றின் ஒலி அளவும் ஒலித் தன்மையும் வெவ்வேறாக இருந்ததால், பல மாதங்கள் வோட்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அவற்றை நீக்கிவிட்டு, பழைய வணிகப் பயன்பாட்டு மொபைல் செட்டுகள் மூன்றை ஒரே மாடலில் தேடி வாங்கிப் பொருத்திய வாரமே கருவி ஒழுங்காக வேலை செய்தது. வோட்டர் அதே பழைய வோட்டர்தான்.

கேள்வி: மலிவு விலைச் சீன ஹேண்டிகள் நான்கும், ஒரு யூஎஸ்பி எஸ்டிஆர் குச்சியும் (கணினியில் செருகும் மென்பொருள் ரிசீவர்) என்னிடம் சும்மா இருக்கின்றன. இவற்றையே துணை ரிசீவர்களாக வைக்கலாமா? — ஒரு மாணவர், சேலம்

பதில்: மேசைமேல் கற்றுக்கொள்ள வைக்கலாம், கட்டடத்தின் உச்சியில் வைத்துவிட்டு நம்பியிருக்க முடியாது. ஒற்றைச் சில்லில் முழு ரிசீவரையும் அடக்கிய ஹேண்டிகளில், அருகிலிருக்கும் வலுவான சிக்னலைத் தடுக்கும் முன்பகுதி வடிகட்டி பலவீனமானது. அதைவிட முக்கியமாக, வோட்டிங்குக்கு வேண்டிய டிஸ்கிரிமினேட்டர் ஒலி, அதாவது ஸ்குவெல்ச்சுக்கும் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் சுற்றுக்கும்) ஒலி வடிகட்டிக்கும் முன்னால் உள்ள பச்சை ஒலி, அவற்றில் வெளியே எடுக்கும்படி கிடைப்பதில்லை. இயர்போன் துளையிலிருந்து எடுக்கும் ஒலி ஏற்கெனவே செதுக்கப்பட்டது. எஸ்டிஆர் குச்சி இதைவிடச் சற்று மேல். ஆனால் அதன் 8-பிட் மாற்றி, பக்கத்தில் ஒரு வலுவான சிக்னல் வந்தாலே திணறும். முன்னால் பேண்ட்பாஸ் வடிகட்டி வைத்து, பிற டிரான்ஸ்மிட்டர்கள் இல்லாத கிராமப்புறக் கூரையில் பயன்படுத்தினால் ஓரளவு பலன் தரும்.

பயன்படுத்திய மொபைல் செட்டுகளைத் தேடுங்கள். மோட்டோரோலாவின் ஜிஎம்300, ஜிஎம்338 போன்றவற்றின் பின்புறத் துணை இணைப்பியில், வடிகட்டாத ஒலியைத் தரும்படி அமைத்துக்கொள்ள வழி உண்டு. அமெரிக்க அமெச்சூர்கள் இன்றும் ஜிஇ நிறுவனத்தின் மாஸ்டர் 2, மோட்டோரோலாவின் மைக்கோர் ஆகிய பல்லாண்டுப் பழைய கருவிகளை இதற்காகத் தேடி வாங்குகிறார்கள். அவற்றின் முன்பகுதி வடிகட்டி அத்தனை உறுதியானது, ஒவ்வொரு நிலையிலும் உள்ளே கைவைத்து ஒலியை எடுக்க முடியும் என்பதே காரணம்.

கேள்வி: வோட்டர்களில் பழைய அனலாக் வகை, ஜிபிஎஸ் உடன் இணையவழி இயங்கும் வகை, கணினி மென்பொருள் என மூன்று வகைகள் சொல்லப்படுகின்றன. இவற்றுள் வேறுபாடு என்ன? எதைத் தேர்வது? — ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: எந்தப் பெயரில் விற்றாலும், ஒரு கேள்வியைக் கேட்டால் வகை தெரிந்துவிடும்: சிக்னலின் தரத்தை எங்கே அளக்கிறார்கள், நடுநிலையத்திலா, ரிசீவர் இருக்கும் இடத்திலேயேவா?

நடுவில் அளப்பது பழைய மரபு. துணை ரிசீவரின் ஒலி, தொலைபேசிக் கம்பி அல்லது யுஎச்எஃப் லிங்க் (70 சென்டிமீட்டர் பகுதியில் ஒலியை நடுவுக்கு அனுப்பும் தனி ரேடியோ இணைப்பு) வழியாக 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பேச்சு அலையளவில் நடுவுக்கு வருகிறது. அங்கே வோட்டர், பேச்சின் இடைவெளிகளில் கேட்கும் இரைச்சலைக் கொண்டு ஒவ்வொன்றின் தரத்தையும் கணிக்கிறது. சிக்னல் இல்லாதபோது ரிசீவர் இடைவிடாமல் ஓர் ஒற்றைத் தொனியை அனுப்பி, 'நான் உயிரோடு இருக்கிறேன், ஆனால் எனக்கு எதுவும் கேட்கவில்லை' என்று அறிவிக்கும். மோட்டோரோலா மரபில் அது 2175 ஹெர்ட்ஸ், ஜிஇ மரபில் 1950 ஹெர்ட்ஸ். பழைய கருவிகளைக் கலந்து வாங்குவோர் இந்த இரண்டு எண்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும். தொனி பொருந்தாவிட்டால் வோட்டர் அந்தத் தொனியையே பேச்சென்று எடுத்துக்கொள்ளும். ஜேபிஎஸ் நிறுவனத்தின் எஸ்என்வி-12 இவ்வகையில் பெயர்பெற்றது. அது 12 இடங்கள் வரை ஏற்கும், இரண்டு தொனிகளையும் அறியும். அமெச்சூர்களுக்கென்றே வந்த எல்டிஜி ஆர்விஎஸ்-8 எட்டு ரிசீவர்களை ஏற்கும். இவை பயன்படுத்திய நிலையில் கிடைத்தால், நல்ல லிங்க் உள்ள குழுவுக்கு இன்றும் தகும்.

ரிசீவர் இருக்கும் இடத்திலேயே அளப்பது இரண்டாவது வகை. எஃப்எம் ரிசீவரின் டிஸ்கிரிமினேட்டரில், பேச்சுக்கு மேலே உள்ள உயர் அதிர்வெண்களில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும்; சிக்னல் வலுக்க வலுக்க அது அடங்கும். ஆள் பேசினாலும் பேசாவிட்டாலும் அதை அளக்கலாம் என்பதே இதன் சிறப்பு. ரிப்பீட்டர்களை இணையவழி இணைக்கும் ஆல்ஸ்டார்லிங்க் அமைப்பை உருவாக்கிய அமெரிக்க அமெச்சூர் ஜிம் டிக்ஸன் வடிவமைத்த 'வோட்டர்' பலகையும், அதையொட்டி மைக்ரோ-நோட் நிறுவனம் செய்த ஆர்டிசிஎம் என்ற சிறு கருவியும் இதைத்தான் செய்கின்றன. இரைச்சலை 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக்கி, ஜிபிஎஸ் தரும் துல்லியமான நேரத்தையும் முத்திரையாகக் குத்தி, ஒலியோடு சேர்த்து இணைய நெறிமுறையில் நடுவிலுள்ள கணினிக்கு அனுப்புகின்றன. ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒலி வெவ்வேறு தாமதத்தோடு வந்தாலும், முத்திரையைப் பார்த்துக் கணினி அவற்றை ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. இந்த முத்திரை இல்லாமல் இணையவழி ஒலிகளுக்கிடையே மாறினால், மாறும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து விழுங்கப்படும் அல்லது இரண்டு முறை கேட்கும்.

மூன்றாவது, ஸ்வீடன் அமெச்சூர் ஒருவர் தொடங்கிய எஸ்விஎக்ஸ்லிங்க் என்ற இலவச மென்பொருள். ஒவ்வோர் இடத்திலும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியும் யூஎஸ்பி ஒலி அட்டையும் இருந்தால் போதும். சிக்னல் அளவை அளக்கும் பகுதியும், அதைச் சரிபார்க்கும் துணை நிரலும் உள்ளேயே இருக்கின்றன. செலவு மிகக் குறைவு. ஆனால் இதன் அளவீடு ஒலி அட்டையின் தரத்தைச் சார்ந்தது. ஆகவே ஒலி அட்டைகளும் ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

லினக்ஸ் அறிந்த ஓர் உறுப்பினர் குழுவில் இருந்து, இடங்களுக்கிடையே நிலையான இணைய வழியும் இருந்தால் இரண்டாவது வகையையே நான் தேர்வேன். பணம் குறைவாக இருந்து கற்கும் ஆர்வம் மிகுதியாக இருந்தால் மூன்றாவது வகையில் தொடங்குங்கள். எதை வாங்கினாலும், ரிசீவரின் எஸ்-மீட்டர் காட்டும் சிக்னல் வலுவின் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்கும் கருவியை வாங்காதீர்கள். பக்கத்து வீட்டு எல்இடி விளக்கின் மின்சுற்று இரைச்சலும் எஸ்-மீட்டரை உயர்த்தும். அப்போது மிகவும் இரைச்சலான ரிசீவரே மிக வலுவான சிக்னல் பெற்றதாகக் கணக்காகிவிடும்.

கேள்வி: துணை ரிசீவர்களிலிருந்து ஒலியை மையத்துக்குக் கொண்டுவர 70 சென்டிமீட்டர் லிங்க் நல்லதா, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை லிங்க் நல்லதா? நாங்கள் நான்கு இடங்களைத் திட்டமிட்டிருக்கிறோம். — ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நான்கு இடங்கள் என்று சொன்னதால் விடை எளிதாகிறது. யுஎச்எஃப் லிங்க் என்றால் நான்கு தனி அதிர்வெண்களும், நடுவில் நான்கு தனி ரிசீவர்களும் வேண்டும். இந்தியாவில் அமெச்சூர்களுக்கு அப்பகுதியில் கிடைப்பது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. அதிலும் 435 முதல் 438 வரை அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கு உரிய பகுதி. நிலையான லிங்க் ஒன்று அங்கே இரவும் பகலும் ஒலித்துக்கொண்டிருப்பது முறையாகாது. மீதி ஒரு மெகாஹெர்ட்ஸில் நான்கு லிங்க்குகளை நெருக்கி வைத்து, நடுநிலையத்தில் ஒன்று மற்றொன்றின் காதை அடைக்காமல் பார்த்துக்கொள்வது கடினமான வேலை.

இன்னொரு பொறியும் உண்டு. இதில் விழுந்தவர்கள் பலர். 2 மீட்டர் ரிப்பீட்டர் 145.650 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் அதன் மூன்றாம் மடங்கு 436.950 மெகாஹெர்ட்ஸ், அதாவது நம்முடைய 70 சென்டிமீட்டர் பகுதிக்குள்ளேயே விழுகிறது. 25 வாட் என்பது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்); மூன்றாம் மடங்கு அதைவிட 60 டெசிபல் குறைவாக இருந்தாலும் மைனஸ் 16 டிபிஎம் எஞ்சும். லிங்க் ரிசீவருக்குப் பழக்கமான மெல்லிய சிக்னலோ மைனஸ் 120 டிபிஎம் அளவு. அதே கோபுரத்தில் இருக்கும் லிங்க் ரிசீவரின் அதிர்வெண் அதற்கு அருகில் அமைந்துவிட்டால், ரிப்பீட்டர் வாய் திறந்தவுடன் லிங்க் செவிடாகும். ஆகவே யுஎச்எஃப் லிங்க் வைப்பவர்கள் முதலில் மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு அதிர்வெண்ணைத் தேர வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்குப் பின் நல்ல லோ-பாஸ் வடிகட்டியையும் வைக்க வேண்டும்.

ஒன்று அல்லது இரண்டு இடங்களுக்கு யுஎச்எஃப் லிங்க் இன்னும் நல்ல தேர்வே. 50 கிலோமீட்டர் தொலைவுக்கும் அதன் தாமதம் 0.17 மில்லிநொடிதான், காதுக்குத் தெரியாது. நான்கு இடங்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் செல்லுங்கள். 2018-இல் மத்திய அரசு அப்பகுதியின் பெரும்பங்குக்கு உரிம விலக்கு அளித்துவிட்டது. விதித்த திறன் வரம்புக்குள் டிஷ் ஆன்டெனாக்களை வைத்தால், நேர்ப்பார்வை உள்ள 20 கிலோமீட்டர் லிங்க் சிரமமில்லாமல் இயங்கும். ஒரு ரிசீவரின் ஒலிக்கு நொடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவைப்படாது என்பதால் வேகம் கவலையே இல்லை, நேர்ப்பார்வைதான் எல்லாம். மரம் வளரும் என்பதையும் மனத்தில் கொண்டு வழியைத் தேருங்கள்.

யுஎச்எஃப் லிங்க் டிரான்ஸ்மிட்டர் வைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி பெற்ற பிறகு கருவிக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: நான்கு ரிசீவர்களோடு எங்கள் வோட்டர் ஓராண்டாக இயங்குகிறது. ஆனால் அது பெரும்பாலும் ஒரே ரிசீவரையே தேர்ந்தெடுக்கிறது. அந்த ரிசீவரின் ஒலியோ மங்கலாகவும் இரைச்சலோடும் இருக்கிறது. காரில் போகும்போது பேசினால் சொற்கள் நறுக்கியது போலக் கேட்கின்றன. வோட்டரை மாற்ற வேண்டுமா? — ஒரு வாசகர், ஈரோடு

பதில்: 'மங்கலாக' என்ற உங்கள் சொல்லிலேயே காரணம் இருக்கிறது. நடுவில் அளக்கும் வோட்டர், உயர் அதிர்வெண்ணில் உள்ள சீறலைத்தான் இரைச்சல் என்று அறிகிறது. ஒரு ரிசீவரின் ஒலி வழியில் உயர் அதிர்வெண்கள் குறைந்துவிட்டால், அதன் சீறலும் சேர்ந்து குறையும். நம் காதுக்கு அது மங்கல். வோட்டருக்கோ அது அமைதி. நான்கில் மிக அமைதியானது இதுவே என்று எண்ணி அது ஒவ்வொரு முறையும் இதையே தேர்கிறது. டீ-எம்ஃபசிஸ், அதாவது எஃப்எம் ரிசீவர் உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் வழக்கமான திருத்தம், இரண்டு முறை நடப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம்: ரிசீவரில் ஒரு முறை, லிங்க் ரிசீவரில் மறுமுறை. அந்த இடத்தின் செட்டை வேறொருவர் நிரலாக்கம் செய்தபோது வடிகட்டாத ஒலிக்குப் பதிலாக வடிகட்டிய ஒலியைத் தேர்ந்திருக்கலாம்.

வோட்டரை மாற்றாதீர்கள். ஒரே சிக்னல் ஜெனரேட்டரை நான்கு இடங்களுக்கும் எடுத்துச் செல்லுங்கள். 1000 ஹெர்ட்ஸ் தொனியை 3 கிலோஹெர்ட்ஸ் எஃப்எம் விலகலோடு (டீவியேஷன்), இரைச்சலே இல்லாத வலுவில் செலுத்தி, நடுநிலையத்தில் வோட்டரின் உள்ளீட்டில் நான்கும் அரை டெசிபலுக்குள் ஒன்றாக வரும்படி அளவைத் திருகி வையுங்கள். பிறகு விலகலை மாற்றாமல் 300, 2000, 3000 ஹெர்ட்ஸ்களிலும் அளந்து எழுதுங்கள். நான்கு இடங்களின் எண்களும் ஒரே வடிவத்தில் ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் 3000-இல் சரிந்தால் குற்றவாளி அதுவே. கடைசியாக, ஆன்டெனாவைக் கழற்றி ஸ்குவெல்ச்சைத் திறந்து, வெறும் இரைச்சலின் அளவும் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தொனியில் ஒத்துவந்து இரைச்சலில் ஒத்துவராத ரிசீவர், வடிகட்டி அகலத்தில் வேறுபட்டது என்று பொருள். இந்த எண்களைத் தேதியிட்ட நோட்டில் எழுதி வைத்து, பருவமழைக்கு முன்னும் பின்னும் மீண்டும் அளந்தால், கோளாறு கேட்கத் தொடங்குவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

காரில் சொற்கள் நறுக்கப்படுவதற்கு வேறு காரணம். 2 மீட்டர் அலையில், எதிரொளித்த சிக்னல்கள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் வருகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 16 அல்லது 17 முறை அத்தகைய புள்ளிகளைக் கடக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் வோட்டர் வேறொரு ரிசீவருக்குத் தாவுவது சரியே. அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் ஒலிகள் நேரத்தில் ஒன்றிப்போகாமல் இருந்தால், ஒவ்வொரு தாவலும் ஒரு வெட்டாகக் கேட்கும். உங்கள் நான்கு வழிகளில் ஒன்று மட்டும் இணையவழியா என்று பாருங்கள். அனலாக் லிங்க்குகளோடு ஓர் இணைய லிங்க்கை நேர முத்திரை இல்லாமல் கலந்தால் இதுதான் விளையும். நான்கையும் ஒரே வகை வழிக்கு மாற்றுங்கள். அது முடியாவிட்டால், தாவுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேறுபாட்டைச் சற்று உயர்த்தி வையுங்கள். தாவல் குறையும், ஆனால் இரைச்சல் சிறிது கூடும். பேச்சோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த அடையாளத் தொனியான சிடிசிஎஸ்எஸ் டோனின் சரிபார்ப்பைத் துணை ரிசீவர் இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுவதும் நல்லது. இல்லாவிட்டால், ஓரிடத்தில் மட்டும் கேட்கும் அந்நிய சிக்னல் எல்லாவற்றையும் வென்று, பேசுபவரின் குரலை நடுவில் அறுத்துவிடும்.

கேள்வி: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு ரிப்பீட்டருக்கு வோட்டிங் முறை தேவையா? — ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இப்போது தேவையில்லை என்றே சொல்வேன். வோட்டிங் முறையின் உண்மையான பயன், மலை முகடுகளும் பள்ளத்தாக்குகளும் நிழல் விழுத்தும் இடங்களில்தான். குடாநாடு தட்டையான நிலம். அங்கே குறைவது ஆன்டெனாவின் உயரமே. 10 மீட்டரில் இருக்கும் ஆன்டெனாவை 40 மீட்டருக்கு உயர்த்தினால், ஆன்டெனாவிலிருந்து வானொலி அடிவானத்துக்கு உள்ள தொலைவு 13 கிலோமீட்டரிலிருந்து 26 கிலோமீட்டராக இரட்டிக்கும். இழப்புக் குறைந்த தடித்த கோஆக்ஸையும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் உயரத்தில் பெற்றதைக் கேபிளில் இழப்பீர்கள். இத்தனையும் செய்த பின் ஏதேனும் ஒரு மூலை கேட்காமல் போனால், அங்கே ஒரே ஒரு துணை ரிசீவரை வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: அனலாக் எஃப்எம் வோட்டர் டிஜிட்டல் பேச்சையும் ஏற்குமா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: ஏற்காது. டிஎம்ஆர், சி4எஃப்எம் போன்ற டிஜிட்டல் பேச்சு முறைகளில் வருவது எண்களாக்கப்பட்ட சட்டகங்கள். அவற்றில் பிழை எவ்வளவு என்று பார்த்துச் சட்டகம் சட்டகமாகத் தேர்வு செய்யும் தனி ஒப்பீட்டுக் கருவி வேண்டும். ரிப்பீட்டரையும் துணை ரிசீவர்களையும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொடரில் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், மன்றங்களுக்கு அது பெரும்பாலும் எட்டாத செலவு.

கேள்வி: புயல் காலத்தில் பயன்பட வேண்டும் என்றே எங்கள் ரிப்பீட்டரை நடத்துகிறோம். வோட்டிங் முறை சேர்த்தால், இணையமும் மின்சாரமும் போனவுடன் முழு அமைப்பும் நின்றுவிடாதா? துணை ரிசீவர் நிலையத்துக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்? — ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் உங்கள் மாவட்டத்தில் கரையேறிய பின் மின்சாரம் எத்தனை நாள் இல்லாமலிருந்தது என்பதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள், ஆகவே உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. நிவாரண முகாமில் நிற்பவர் கையில் 50 வாட் செட் இருக்காது, ஹேண்டிதான் இருக்கும். வோட்டிங் முறை உண்மையில் தேவைப்படும் நாள் அதுவே. அந்த நாளில் அது நின்றுவிடக் கூடாது.

முதல் ஏற்பாடு, நடுநிலையத்தின் சொந்த ரிசீவர் எந்த இணையத்தையும் நம்பாமல் தனியே ரிப்பீட்டரை இயக்கும்படி அமைப்பது. ஆர்டிசிஎம் கருவியில், கணினியோடு தொடர்பு அறுந்தால் தானே சாதாரண ரிப்பீட்டராக மாறும் வசதி உள்ளேயே உண்டு. ஆனால் அதை நீங்கள் அமைத்துவைக்க வேண்டும். வோட்டர் கணினியைத் தொலைவிலுள்ள ஒருவர் வீட்டில் வைக்காமல், ரிப்பீட்டர் இருக்கும் அறையிலேயே வையுங்கள். துணை நிலையங்களைப் பொது இணையத்தின் வழியாக இணைக்காமல், உங்கள் சொந்த 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க்கினாலேயே இணையுங்கள்.

பேட்டரிக் கணக்கு, லிங்க் எந்நேரமும் இயங்குகிறதா, பேச்சு வரும்போது மட்டும் இயங்குகிறதா என்பதைப் பொறுத்தது. ரிசீவர் 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் எடுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி. 5 வாட் யுஎச்எஃப் லிங்க் 2 ஆம்பியர் எடுக்கும் என்று வையுங்கள்: நாளுக்கு 4 மணி நேரம் மட்டும் பேசினால் 8 ஆம்பியர்-மணி, இடைவிடாமல் அனுப்பினால் 48. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி முதல் முறையில் இரண்டே முக்கால் நாள் தாங்கும்; இரண்டாம் முறையில் ஒரு நாள்கூடத் தாங்காது. எந்நேரமும் தொனி அனுப்பும் பழைய முறையை, சூரிய மின்சாரத்தில் இயங்கும் நிலையத்துக்குத் தேர வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க் எந்நேரமும் இயங்கினாலும் பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவில் முடிந்துவிடும்.

சூரியத் தகடு வாங்கும்போது அதன் சார்ஜ் கன்ட்ரோலரைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். தகட்டின் உச்சத் திறனைத் தேடி எடுக்கும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர்கள் பலவும் 2 மீட்டர் பகுதியில் இரைச்சலைக் கொட்டுகின்றன; பகலில் மட்டும் செவிடாகும் ரிசீவர் என்றால் முதலில் அதையே சந்தேகியுங்கள். கடைக்கே ஹேண்டியை எடுத்துச் சென்று, வெயிலில் தகட்டை இணைத்து, கன்ட்ரோலரின் அருகில் ஹேண்டியை வைத்து ஸ்குவெல்ச்சைத் திறந்து, ரிப்பீட்டரின் உள்வரும் அதிர்வெண்ணில் ஒரு மெல்லிய சிக்னலைக் கேளுங்கள். தகட்டைத் துணியால் மூடியதும் அந்த சிக்னல் தெளிவானால், அந்தக் கன்ட்ரோலரை வாங்க வேண்டாம்.